உறங்காத சிறு காவலன்

யாழ்ப்பாண நகரிலிருந்து வடமேற்கே, சங்கானைக்கும் மாதகலுக்கும் இடையில் அமைந்திருப்பது பண்டத்தரிப்பு. மின்சாரத்தின் அருமையை ஏட்டிலே படித்து அறிந்த ஊர் அன்று அது; இருளிலே இருந்து அறிந்த ஊர். 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்று போயிற்று. மண்ணெண்ணெய் கிடைத்தற்கு அரிய பொருளாயிற்று. றேடியோவுக்கு வேண்டிய பற்றறிகளோ தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இடம்பெற்றன. அந்த ஆண்டுகளில் குடாநாட்டு மக்கள் இரண்டு கருவிகளைத் தாமே ஆக்கிக்கொண்டார்கள். ஒன்று, யாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை இட்டு, அதன்மேல் சில கரண்டி மண்ணெண்ணெயை ஊற்றி, மெல்லிய திரியை ஏற்றிய விளக்கு. மற்றொன்று, சைக்கிளை நிலைக்காலில் நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவின் மின்சாரத்தில் ஒலித்த றேடியோ.

சைக்கிள் டைனமோ தரும் வலு ஏறக்குறைய 3 வாற்று மட்டுமே. அந்த 3 வாற்றையும் பெறுவதற்கு ஒருவர் இடைவிடாது சுழற்றுதல் வேண்டும்; சுழற்றினால் உடல் நோகும். ஆதலால், செய்தி தொடங்கும் வேளைக்குச் சற்று முன்னர் சுழற்றத் தொடங்கினார்கள். செய்தி முடிந்ததும் நிறுத்தினார்கள். நாள் முழுவதும் றேடியோவை ஒலிக்க விடலாம் என்னும் எண்ணம் எவருக்கும் எழவில்லை. வேண்டிய வேளையில், வேண்டிய அளவு மின்சாரம் என்பதே அன்றைய விதி. அந்த விதி இன்று பொறியியலில் ஒரு தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. இன்றைய கைத்தொலைபேசியின் உள்ளே, வெளியே தெரியாமல் இருந்து, அந்த விதியை விநாடிதோறும் நிறைவேற்றுகின்ற ஒரு சிறு பகுதியைப் பற்றியதே இவ்வுரை.

நேயர்கள் தம் கையிலுள்ள தொலைபேசியை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். மேசைமேல் கிடந்ததைக் கையில் எடுத்தவுடன் அதன் முகம் ஒளிர்கின்றது. குறுக்காகத் திருப்பினால் படமும் திரும்புகின்றது. காதோடு வைத்தால் ஒளி அணைகின்றது. வெயிலில் கொண்டுசென்றால் ஒளி மிகுகின்றது. சந்தைக்கு நடந்து போய் வந்தால், எத்தனை அடி நடந்தோம் என்று கணக்குச் சொல்கின்றது. சில தொலைபேசிகள், பெயர் சொல்லி அழைத்தால் கைபடாமலே மறுமொழி கூறுகின்றன. இவை யாவும் நிகழவேண்டுமாயின் அக்கருவி இரவும் பகலும் விழித்திருத்தல் வேண்டும். இடைவிடாது விழித்திருக்கும் கருவியின் பற்றறி எங்ஙனம் ஒரு நாளுக்கு மேலும் தாக்குப்பிடிக்கின்றது?

இவ்வினா சிறு பிள்ளை கேட்கும் வினாப்போலத் தோன்றும். ஆயினும் கணக்கிட்டுப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். இன்றைய கைத்தொலைபேசிகள் பலவற்றின் பற்றறி 5000 மில்லி அம்பியர் மணித்தியாலக் கொள்ளளவு உடையது. அதன் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதில் அடங்கும் சக்தி ஏறத்தாழ 19 வாற்று மணித்தியாலம் ஆகும். 1990ஆம் ஆண்டுகளின் அந்த டைனமோவைக் கொண்டு இந்தப் பற்றறியை நிரப்புவதானால், இழப்பு எதனையும் கணக்கில் எடாமலே, ஆறு மணித்தியாலத்துக்கு மேல் மிதியைச் சுழற்றுதல் வேண்டும். இனி, தொலைபேசியின் மூளையாக உள்ள பிரதான முறைவழியாக்கி, அதாவது கடைக்காரர்கள் புரொசெசர் என்று குறிப்பிடும் பகுதி, முழு விழிப்போடு வேலை செய்யும்போது 2 வாற்றுச் செலவிடுகின்றது என்று கொள்ளலாம். அவ்வாறாயின் நிரம்பிய பற்றறி பத்து மணித்தியாலம் முடியும் முன்னரே வற்றிவிடும். காலையில் நிரப்பியது மாலைக்கு இல்லை. அதே விழிப்பை 1 மில்லி வாற்றுச் செலவில் நடத்த முடியுமாயின், அந்த விழிப்புக்கு மட்டும் அதே பற்றறி 19,000 மணித்தியாலம், அதாவது ஈராண்டுக்கு மேல், போதுமானதாக இருக்கும்.

பத்து மணித்தியாலம் எங்கே, ஈராண்டு எங்கே! 2 வாற்றுக்கும் 1 மில்லி வாற்றுக்கும் இடையேயுள்ள இந்த இரண்டாயிரம் மடங்கு வேறுபாட்டைக் கடந்ததே பொறியியலாளரின் சாதனை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நிகழ்ந்ததை மறவாதவர்களுக்கு, இச்சாதனையின் பயனை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

முதலில், தொலைபேசி சூழலை எவ்வாறு உணர்கின்றது என்று பார்த்தல் தகும். அதனுள்ளே உணரிகள் எனப்படும் சிறு உறுப்புகள் பல உள்ளன. ஒளியை உணர்வது ஒன்று. அருகில் பொருள் வருவதை உணர்வது ஒன்று. புவியின் காந்தத்தை உணர்ந்து திசை காட்டுவது ஒன்று. சுழற்சியை உணர்வது ஒன்று. சிலவற்றில் வளிமண்டல அமுக்கத்தை அளக்கும் பாரமானியும் உண்டு. இவற்றுள் மிகுதியாக உழைப்பது ஆர்முடுகலை அளக்கும் உணரியே. ஓடிக்கொண்டிருக்கும் பேருந்து திடீரென வேகம் எடுக்கும்போது, உள்ளே நிற்பவர் பின்னோக்கிச் சாய்கிறார் அன்றோ? அதே நிகழ்ச்சிதான் இவ்வுணரியினுள்ளும் நடைபெறுகின்றது. சிலிக்கனைச் செதுக்கி அமைத்த நுண்ணிய திணிவு ஒன்று, மெல்லிய வில் போன்ற தாங்கிகளில் நிற்கின்றது. அதன் ஓரங்களில் சீப்பின் பற்களைப் போன்ற தகடுகள் உள்ளன. தொலைபேசி அசையும்போது அத்திணிவு சற்றே பின்தங்குகின்றது. தகடுகளுக்கு இடையிலுள்ள தூரம் மாறுகின்றது. அதனால் அவற்றின் மின் கொள்ளளவம் மாறுகின்றது. அம்மாற்றமே அசைவின் அளவு. தொலைபேசி அசையாது கிடக்கும்போதும் புவியீர்ப்பு அத்திணிவை இழுத்துக்கொண்டிருப்பதால், கருவி நிமிர்ந்து நிற்கின்றதா, படுத்துக் கிடக்கின்றதா என்பதும் தெரிந்துவிடுகின்றது.

இந்த உணரி தன்னளவில் மிகச் சிறிதளவு மின்சாரத்தையே கொள்ளும். செலவு உணர்வதில் இல்லை. உணர்ந்ததை ஆராய்வதில்தான் உள்ளது. விநாடிக்கு 50 முறை அசைவு அளக்கப்படுமாயின், ஒரு நாளில் 43 இலட்சத்து 20 ஆயிரம் அளவீடுகள் சேரும். அவற்றுள் பெரும்பாலானவை, தொலைபேசி மேசைமேல் அசையாது கிடக்கின்றது என்ற ஒரே செய்தியையே திரும்பத் திரும்பக் கூறும். அந்த ஒவ்வொரு செய்தியையும் கேட்பதற்காகப் பிரதான முறைவழியாக்கியைத் துயில் எழுப்புவது, வாயிலில் காற்று அசைத்த படலையின் ஓசைக்கெல்லாம் வீட்டுத் தலைவரை எழுப்புவது போலாகும்.

பெரிய கந்தோர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் வாயிலில் ஒரு பியோன் இருக்கிறார். அவருடைய சம்பளம் சிறிது. அவர் பெரிய தீர்மானம் எதனையும் எடுப்பவர் அல்லர். ஆயினும் வருபவர் யார், வந்த காரியம் யாது என்பதை அறிவார். வீணே வந்தவரை வாயிலோடு அனுப்புகிறார். வரும் கடிதங்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டு ஓடாமல், சேர்த்துக் கட்டி, உரிய வேளையில் ஒருமுறை கொண்டு கொடுக்கிறார். தந்தி வந்தால் மட்டும் உடனே கதவைத் தட்டுகிறார். அவர் வாயிலில் இருப்பதனாலேயே உள்ளே இருக்கும் அதிகாரி தம் வேலையைச் செய்ய முடிகின்றது. கைத்தொலைபேசியில் இத்தகைய பியோனாக அமைக்கப்பட்ட சிறு முறைவழியாக்கியையே உணரி மையம் என்பர். உணரிகள் யாவும் அதனிடமே முறையிடும். அது மட்டும் உறங்குவதில்லை.

இவ்வமைப்பு மக்கள் கைக்கு வந்த ஆண்டாக 2013ஆம் ஆண்டைக் குறிப்பிடலாம். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மோட்டரோலா நிறுவனம் மோட்டோ எக்ஸ் என்னும் தொலைபேசியை அறிமுகஞ்செய்தது. அதில் பேச்சைக் கேட்பதற்கு ஒன்றும், சூழலை உணர்வதற்கு ஒன்றுமாக இரண்டு தனிச் சிறு முறைவழியாக்கிகள் அமைந்திருந்தன. அடுத்த மாதமே அப்பிள் நிறுவனம் தனது ஐபோன் 5எஸ் தொலைபேசியில் எம்7 என்னும் அசைவுத் துணை முறைவழியாக்கியைச் சேர்த்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் கூகிள் நிறுவனம் வெளியிட்ட அண்ட்ரொயிட் 4.4 பதிப்பு, அளவீடுகளைச் சேர்த்துக் கட்டி ஒருமுறையாகக் கொடுக்கும் வசதியை ஏற்படுத்தியது.

இதன் வளர்ச்சியை விளக்க ஓர் உதாரணம் போதும். 2014ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தின் தொலைபேசியைக் குரலால் அழைக்கும் வசதி வந்தது. ஆனால் அது மின்சாரத்தோடு இணைத்து வைத்திருக்கும்போது மட்டுமே இயங்கிற்று. கேட்டுக்கொண்டே இருப்பதற்குப் பற்றறி போதாது என்பதே அதன் பொருள். மறு ஆண்டு, 2015இல், ஐபோன் 6எஸ் வந்தபோது அந்தக் கட்டுப்பாடு நீங்கிற்று. எப்போதும் விழித்திருக்கும் சிறு பகுதியிடம் கேட்கும் வேலை ஒப்படைக்கப்பட்டதே அதற்குக் காரணம். ஓராண்டுக்குள் சுவரோடு கட்டப்பட்டிருந்த காது, சட்டைப்பைக்குள் நடமாடத் தொடங்கிற்று.

சிறு முறைவழியாக்கி எவ்வாறு இத்துணைச் சிக்கனமாக உழைக்கின்றது? அதற்கு நான்கு வழிகள் உள்ளன. முதலாவது, குறைந்த மின்னழுத்தமும் நிதானமான நடையும். ஒரு சிப்பு வேலைக்காகச் செலவிடும் வலு, அதன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு கால்வாசியாகும். நடையையும் குறைத்தால் செலவு மேலும் குறையும். அடி எண்ணுவதற்குக் குதிரையின் வேகம் வேண்டியதில்லை. எருதின் நடை போதும். இரண்டாவது, கசிவை அடைத்தல். பெரிய சிப்பில் கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள் உள்ளன. அவை வேலையின்றி இருக்கும்போதும் அவற்றினூடாகச் சிறிது மின்சாரம் கசிந்துகொண்டிருக்கும். சரியாகப் பூட்டாத குழாயில் சொட்டும் நீர் விடிவதற்குள் வாளியை நிரப்புவது போல, இக்கசிவும் பற்றறியை வெறுமையாக்கும். ஆகவே பெரிய பகுதிக்குச் செல்லும் மின்சாரத்தையே அறுத்துவிட்டு, சிறிய பகுதியை மட்டும் உயிரோடு வைக்கின்றனர். மூன்றாவது, சிறிய ஞாபகத்தை அருகிலேயே வைத்தல். தொலைவிலுள்ள பெரிய ஞாபகத்தை எழுப்பிப் படிப்பதற்கும் மின்சாரம் செலவாகும். நான்காவது, முன்னர் கூறிய கடிதக் கட்டு. அளவீடுகளை வரிசையாகத் தேக்கி வைத்து, இடையிடையே ஒருமுறை ஆராய்தல். செய்தி தொடங்கும் வேளைக்கு மட்டும் டைனமோவைச் சுழற்றியவர்கள் இவ்வுபாயத்தை உடனே இனங்கண்டுகொள்வர்.

குரலைக் கேட்கும் வேலை படிப்படியாக நடைபெறுகின்றது. வெறும் நிசப்தமாயின் சிறு பகுதிக்கு வேலை மிகக் குறைவு. ஒலி எழுந்தால், அது அழைப்புச் சொல்லை ஒத்திருக்கின்றதா என்று ஒரு சிறிய கணித வலையால் பார்க்கின்றது. ஒத்திருக்கக்கூடும் என்று தோன்றினால் மட்டும் பிரதான முறைவழியாக்கியை எழுப்புகின்றது. அது பெரிய வலையால் மறுபடியும் ஆராய்ந்து, ஆம் என்றோ அன்று என்றோ முடிவு செய்கின்றது. இம்முறையை 2017ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களே கட்டுரையாக வெளியிட்டனர். கீழ்நீதிமன்றில் தொடங்கும் வழக்கு மேல்நீதிமன்றுக்குச் செல்வது போன்ற ஒழுங்கு இது. வழக்குகள் யாவும் நேரே மேல்நீதிமன்றுக்குச் சென்றால் நீதி நடவாது. யாவும் கீழ்நீதிமன்றோடு முடிந்தால் பிழை திருந்தாது.

இனி, இக்காவலனின் குறைகளையும் கூறுதல் முறை. காவல் செய்பவர் எவரும் இருவகைப் பிழைகளைச் செய்யக்கூடும். கள்வன் வரும்போது பேசாதிருப்பது ஒன்று. விருந்தினரைக் கண்டு குரைப்பது மற்றொன்று. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன் 14, மோட்டார் வாகன விபத்தை உணர்ந்து, உடைமையாளர் மறுமொழி தராவிட்டால், தானே அவசர உதவிக்கு அழைக்கும் ஆற்றலைப் பெற்றிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மலைச்சரிவுகளில் பனிச்சறுக்கி விளையாடியோரின் தொலைபேசிகளும் கைக்கடிகாரங்களும் விபத்து நேர்ந்ததாக எண்ணி, அவசர உதவி நிலையங்களுக்கு அடுத்தடுத்து அழைப்பு விடுத்தன. விளையாடுவோர் மகிழ்ந்திருந்தனர், உதவி நிலையத்தார் இடர்ப்பட்டனர். சறுக்கலின் அதிர்ச்சியும் மோதலின் அதிர்ச்சியும் அந்தச் சிறு காவலனுக்கு ஒன்றாகத் தோன்றின.

மறுதலையான பிழையும் உண்டு. அடி எண்ணும் கருவிகள், கைத்தடியை ஊன்றி மெல்ல நடக்கும் முதியவரின் அடிகள் பலவற்றை எண்ணாது விட்டுவிடுகின்றன. வலுவாக வீசி நடப்பவரின் நடையைக் கண்டு பழகிய கருவிக்கு, கால் தேய்த்து நடப்பது நடையாகவே தோன்றுவதில்லை. கருவி எவற்றைக் கண்டும் கேட்டும் பழகியதோ, அவற்றையே அது நன்கு அறியும். நோயாளரின் நடையும், கிராமத்தவரின் பேச்சும், தமிழ்ப் பெயர்களின் ஓசையும் அதன் பயிற்சியில் இடம்பெறாவிட்டால், அவர்கள் வாயிலில் நின்றும் காணப்படாதவராவர். யாருடைய குரலைக் கேட்டு இக்காவலன் பழகினான் என்ற கேள்வியைத் தமிழ் மக்கள் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

பண்டத்தரிப்பைப் போன்ற ஊர்களுக்கு இது வெறும் வேடிக்கைப் பொருள் அன்று. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் பிள்ளைகள் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சென்றனர். பெற்றோர் பலர் ஊரிலேயே தங்கினர். பெரிய வீடு, சுற்றிலும் வேலி, உள்ளே ஒருவரோ இருவரோ. விடியற்காலையில் கிணற்றடியில் பாசி வழுக்கி ஒரு மூதாட்டி விழுந்தால், அயலவர் படலையைத் திறக்கும்வரை அவரைக் காண்பார் இல்லை. தொரன்ரோவிலுள்ள மகளுக்கு அப்போது முன்னிரவு. அவர் மறுநாள் தொலைபேசி எடுக்கும்போதே செய்தி தெரியவரும். விழுந்தவர் எலும்பு முறிவால் மட்டும் துன்புறுவதில்லை. நெடுநேரம் எழமுடியாது கிடப்பதாலும் துன்புறுகிறார். இவ்விடத்திலேதான் உறங்காத சிறு காவலன் உண்மையான பயன் தரக்கூடும்.

2018ஆம் ஆண்டில் வெளிவந்த அப்பிள் கைக்கடிகாரத்தின் நான்காம் வரிசை, அணிந்திருப்பவர் விழுவதை உணரும் ஆற்றல் உடையதாக இருந்தது. கை எவ்வாறு வீசுண்டது, நிலத்தில் எத்துணை வேகத்தில் மோதுண்டது என்பவற்றை உணரிகள் அளக்கும். கடுமையான விழுகை என்று தோன்றினால் கடிகாரம் அணிந்தவரை வினவும். அவர் ஏறத்தாழ ஒரு நிமிடம் அசையாது கிடந்தால், தானே உதவிக்கு அழைக்கும். எல்லா விழுகையையும் அது கண்டுகொள்ளும் என்று அந்நிறுவனமே உறுதி கூறவில்லை. ஆயினும் ஒரு நிமிடத்துக்கும் ஒரு பகலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு, சில வேளைகளில் உயிருக்கும் மரணத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடாகும்.

இத்தகைய கருவியை வாங்கி அனுப்ப நினைக்கும் பிள்ளைகள் சில காரியங்களைச் சிந்தித்தல் நன்று. காவலன் தான் இருக்கும் இடத்தையே காப்பான். அலுமாரியின் மேல் சார்ஜில் கிடக்கும் தொலைபேசி, கிணற்றடியில் நிகழ்வதை அறியாது. ஆகவே உடலோடு இருக்கும் கருவியே இதற்குப் பயன்படும். கடிகாரமாயினும், அருகே தொலைபேசி இல்லாதபோது அதனால் வெளியுலகுக்கு அழைப்பு விடுக்க இயலுமா என்று முன்னரே பார்த்தல் வேண்டும். அவசர வேளையில் எந்த இலக்கத்துக்கு அழைப்புச் செல்லும் என்பதும் அறியப்படவேண்டும். இலங்கையில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018ஆம் ஆண்டில் வடமாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டது; அதற்குக் கட்டணம் இல்லை. பண்டத்தரிப்புக்கு 1990 என்பது ஒரு காலத்தில் விளக்கு அணைந்த ஆண்டு; இன்று உதவி வரும் இலக்கம். அந்த இலக்கத்தோடு, படலைக்கு அப்பால் வாழும் அயலவரின் இலக்கமும் கருவியில் பதியப்பட்டிருத்தல் வேண்டும். கருவி கூவி அழைக்கலாம். ஓடிவந்து தூக்குவதற்கு மனிதக் கையே வேண்டும்.

இந்த ஊருக்கு மருத்துவ உதவியின் வரலாறு புதியது அன்று. அமெரிக்காவிலிருந்து வந்த டொக்டர் ஜோன் ஸ்கடர் 1820ஆம் ஆண்டில் பண்டத்தரிப்பில் தங்கி மருத்துவம் செய்யத் தொடங்கினார். அக்காலத்தில் நோயாளியை வைத்தியரிடம் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடு. இரு நூற்றாண்டுகளின் பின்னர் வீதியும் வண்டியும் வைத்தியசாலையும் வந்துவிட்டன. எஞ்சியிருப்பது, உதவி வேண்டும் என்ற செய்தி உரிய வேளையில் வெளியே செல்வதே. அந்த இடைவெளியை நிரப்புவதே இச்சிறு கருவியின் கடமை.

காவலனைப் பற்றிய மற்றொரு கவலையும் உண்டு. இடைவிடாது கேட்டுக்கொண்டிருக்கும் காது யாருடைய காது? வீட்டிலே பேசப்படும் பேச்சு எங்கே செல்கின்றது? இவ்வச்சம் ஆதாரமற்றது என்று தள்ளிவிட முடியாது. 2019ஆம் ஆண்டில், அப்பிள் நிறுவனத்தின் குரல் உதவியாளர் தவறுதலாக விழித்தெழுந்து பதிவுசெய்த உரையாடல்களை, தரம் பார்ப்பதற்காக அமர்த்தப்பட்ட ஒப்பந்த ஊழியர்கள் கேட்டு வந்தனர் என்னும் செய்தி வெளியாயிற்று. நிறுவனம் அவ்வேலையை இடைநிறுத்தியது. பின்னர் தொடரப்பட்ட வழக்கில், குற்றத்தை ஏற்றுக்கொள்ளாமலே 95 மில்லியன் டொலர் கொடுத்து இணக்கம் காண அந்நிறுவனம் முன்வந்த செய்தி 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது.

ஆயினும் இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். சிறு காவலனின் வறுமையே அவனுடைய அடக்கத்துக்குக் காரணம். அவனிடம் உள்ள ஞாபகம் மிகச் சிறிது. சில விநாடி ஒலியை மட்டும் வைத்திருந்து, பழையதை அழித்துப் புதியதை எழுதுகின்றான். அழைப்புச் சொல் கேளாதவரை, கேட்டதைச் சேமித்து வைக்க அவனுக்கு இடமும் இல்லை. தொலைவுக்கு அனுப்ப வலுவும் இல்லை. தொல்லை தொடங்குவது, அவன் தவறாகக் கதவைத் தட்டும்போதே. அப்போது பெரிய பகுதி விழிக்கின்றது, பதிவு தொடங்குகின்றது, அது வெளியே செல்லவும் கூடும். ஆதலால் மின்சாரச் சிக்கனமும் அந்தரங்கக் காப்பும் ஒரே வழியில் செல்கின்றன. கருவிக்குள்ளேயே முடிவு செய்யப்படும் காரியம் எத்துணை மிகுகின்றதோ, அத்துணை நன்று.

நேயர்கள் தாமே செய்யக்கூடிய காவலும் உண்டு. தொலைபேசியின் திரையின் மேல்மூலையில் சிறு பச்சைப் புள்ளியோ செம்மஞ்சட் புள்ளியோ தோன்றுமாயின், ஒலிவாங்கியோ கமராவோ பயன்படுத்தப்படுகின்றது என்பது பொருள். 2020ஆம் ஆண்டுக்குப் பின் வந்த தொலைபேசிகளில் இவ்வடையாளம் படிப்படியாக இடம்பெற்றது. வேண்டாத பிரயோகங்களுக்கு ஒலிவாங்கியின் அனுமதியை மறுக்கலாம். குரலால் அழைக்கும் வசதி வேண்டாதவர் அதனை நிறுத்திவிடலாம். இலங்கைப் பாராளுமன்றமும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியுள்ளது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. தம் உரிமை யாது என்று மக்கள் அறிந்திருந்தாலே அது உயிர்பெறும்.

அறிந்திருப்பதற்குத் தமிழிலே சொல்லப்படுதல் வேண்டும். 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் மருத்துவப் பணி செய்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மானிப்பாய் பண்டத்தரிப்புக்கு அயலூர். உடலின் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் அன்று தமிழ்ச் சொற்கள் தேடப்பட்டன, ஆக்கவும் பட்டன. உடலை அறிவதற்கு அன்று தமிழ் போதுமானதாயின், உள்ளங்கையில் உள்ள கருவியை அறிவதற்கு இன்று அது போதாது என்பார் யார்? ஆர்முடுகல், திணிவு, கொள்ளளவம், அமுக்கம் என்பன இலங்கைப் பாடசாலைகளில் மாணவர் நாள்தோறும் வழங்கும் சொற்கள். பரீட்சைத் தாளோடு அவை முடிந்துவிடலாகாது. பௌதிக ஆசிரியர் ஒருவர் வகுப்பிலே ஒரு தொலைபேசியைக் கையில் எடுத்துச் சாய்த்துக் காட்டி, இதனுள்ளே ஒரு திணிவு சாய்கின்றது என்று சொன்னால், அன்றைய பாடம் மாணவருக்கு ஆயுளுக்கும் மறவாது.

அவ்வகுப்பில் இருக்கும் மாணவருள் ஒருவர் பிற்காலத்தில் இத்தகைய கருவியை அமைப்பவராகவும் வரக்கூடும். கைத்தடி ஊன்றிய பாட்டியின் நடையை அளந்து கருவிக்குக் கற்பிப்பதற்கும், தமிழில் எழும் உதவிக் குரலை இனங்காணச் செய்வதற்கும், பெரிய தொழிற்சாலை வேண்டியதில்லை. சிறு முறைவழியாக்கிகள் இன்று மலிவாகவே விற்கப்படுகின்றன. வேண்டுவது பொறுமையும், கணக்கறிவும், அந்தப் பாட்டியின்மேல் அக்கறையுமே. தொலைவில் உள்ள நிறுவனம் ஒன்று நம்மவரின் நடையை என்றோ ஒரு நாள் அளக்கும் என்று காத்திருப்பதைவிட, அவ்வூர்ப் பிள்ளைகளே அளப்பது விரைவில் பயன் தரும்.

மின்சாரம் அற்ற காலத்தில் பண்டத்தரிப்பு மக்கள் கற்ற பாடம், எல்லா விளக்கையும் ஏற்றவேண்டியதில்லை, ஒரு விளக்கு அணையாதிருந்தால் போதும் என்பதாகும். இன்றைய பொறியியலாளரும் அதையே செய்திருக்கின்றனர். பெரிய மூளை உறங்கட்டும். சிறு காவலன் விழித்திருக்கட்டும். ஆனால் அவன் யாருக்காக விழித்திருக்கின்றான், யாரிடம் சென்று கதவைத் தட்டுகின்றான் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மனிதரிடமே உள்ளது. அந்தப் பொறுப்பை ஏற்று, தம் வீட்டு முதியவரின் பெயரையும் அயலவரின் இலக்கத்தையும் இன்றிரவே அக்கருவியில் பதிந்து வைக்கும் நேயர், அறிவியலை அதன் உரிய பயனோடு வீட்டுக்குள் வரவேற்றவராவார்.